குழாயில் ஒட்டிய கேஜைப் பத்தாம் ஆண்டில் யார் சோதிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மண் நகரக்கூடிய சரிவிலோ ஆற்றுக் கரையிலோ எஃகுக் குழாய் பதித்தால் அதன்மேல் ஸ்ட்ரெய்ன் கேஜ் (குழாய் எவ்வளவு நீள்கிறது, அமுங்குகிறது என்று காட்டும் திரிபுமானி) பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. பொருத்திய அன்று எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஒப்பந்தக்காரர் திரையில் எண்ணைக் காட்டுவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு பள்ளத்தை மூடுவார். குழாயோ முப்பது, நாற்பது வருடம் ஓட வேண்டியது. பத்தாம் ஆண்டில் அதே திரை 'மைனஸ் 180' என்று காட்டினால், குழாய் நசுங்குகிறதா, கேஜுக்குள் தண்ணீர் போய்விட்டதா என்று பிரித்துச் சொல்ல ஆளும் இருக்காது, வழியும் இருக்காது. டெண்டர் ஆவணங்களில் துல்லியம் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறார்கள். பத்து வருடம் கழித்து அந்தத் துல்லியத்தை எப்படி நிரூபிப்பது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அளவு பிடிபடுவதற்குச் சில எண்கள். ஒரு மீட்டர் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால் அந்தத் திரிபு (ஸ்ட்ரெய்ன்) 1 மைக்ரோஸ்ட்ரெய்ன். குழாய்களுக்குப் பயன்படும் எக்ஸ் 65 ரக எஃகு மீளாமல் நீளத் தொடங்குவது சுமார் 448 மெகாபாஸ்கல் தகைவில் (பரப்பளவுக்கு இவ்வளவு என்ற உள்விசையில்). மீள்குணகம் (எஃகின் விறைப்பு) 207 கிகாபாஸ்கல் என்று வைத்து வகுத்தால் ஏறக்குறைய 2,160 மைக்ரோஸ்ட்ரெய்ன். ஆகவே அளவீட்டில் 200 பிசகினால் எஃகின் தாங்கும் எல்லையில் பத்தில் ஒரு பங்கு பிசகிவிட்டது என்று பொருள். இனி சொல்லப்போகும் கோளாறுகளில் பலவும் தனியாகவே ஏறக்குறைய அந்த அளவுக்குப் பிசகவைக்கக் கூடியவை.

முதல் எதிரி ஈரம். மெல்லிய உலோகத் தாளின் மின்தடை மாறுவதைக் கொண்டு திரிபை அளக்கும் 350 ஓம் ஃபாயில் கேஜை ஒட்டி முடித்ததும் அதற்கும் குழாய்க்கும் இடையே இன்சுலேஷன் பத்தாயிரம் மெகாஓம் வரை இருக்க வேண்டும். ஈரம் புகுந்து அது 1 மெகாஓமுக்கு இறங்கினால் கேஜ் அறுந்துபோகாது, எண் வருவதும் நிற்காது. ஆனால் 350 ஓமுக்குப் பக்கத்தில் பத்து லட்சம் ஓம் இணையாகச் சேர்ந்ததால் மொத்த மின்தடை பத்து லட்சத்தில் 350 பங்கு குறையும். கேஜ் காரணி (திரிபைப் போல எத்தனை மடங்கு மின்தடை மாறும் என்ற எண்) 2 என்பதால் திரையில் 175 மைக்ரோஸ்ட்ரெய்ன் அமுக்கம் தெரியும். குழாய் அசையவே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், மழையில் ஈரம் ஏறும்போது எண் இறங்கும், காய்ந்ததும் பழைய இடத்துக்கே வரும். மண் சரிவதும் மழையில்தான். உண்மையான நகர்வும் பொய்யான நகர்வும் ஒரே வாரத்தில், ஒரே வடிவத்தில் வந்து நிற்கும்.

தண்ணீர் பெரும்பாலும் கேஜின் மேல்மூடி வழியாக வருவதில்லை, கேபிள் வழியாக வருகிறது. பல மீட்டர் தள்ளி உறையில் ஒரு சிறு கீறல் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கம்பி இழைகளுக்கு நடுவே ஈரம் ஊர்ந்து கேஜ்வரை வந்துவிடும். இதைத் தடுக்க, கேபிளின் வெளியுறையையும் உள்ளுறையையும் படிப்படியாகச் சீவி, ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகப் பிரித்து, அடைப்புப் பொருள் எல்லாக் கம்பிகளையும் முழுச் சுற்றாகப் பிடிக்கும்படி வைக்க வேண்டும். மூன்று கம்பிகளையும் சேர்த்துக் கட்டி மேலே பூசினால் நடுவில் ஒரு குகை விட்டதற்குச் சமம். டெஃப்லான் உறையிட்ட கம்பியில் எந்தப் பசையும் பிடிக்காது; அதன் மேற்பரப்பை ரசாயனத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கிய பிறகே ஒட்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் சிலிக்கோனில் வினிகர் வாசனை வந்தால் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். அது உலரும்போது விடும் அசிட்டிக் அமிலம் ஃபாயிலையும் சால்டரையும் அரிக்கும். வாசனையில்லாத ரகம் அரிக்காது என்றாலும் நீராவியை உள்ளே விடும். நீண்ட காலத்துக்கு பியூட்டைல் ரப்பர், அதன்மேல் அலுமினியத் தகடு, அதற்கும் மேல் அடிபடாமல் காக்க ஒரு கவசம் என்று அடுக்குவதே சரி.

இன்சுலேஷன் சோதிக்கிறேன் என்று 500 வோல்ட் மெக்கரைக் கேஜில் தொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மெல்லிய பிளாஸ்டிக் அடித்தளத்தில் ஓட்டை விழ அது போதும். 15 முதல் 50 வோல்ட் வரை மட்டுமே கொடுக்கும் கருவி வேண்டும்.

அடுத்தது ஜங்ஷன் பாக்ஸ். 350 ஓம் கேஜில் 100 மைக்ரோஸ்ட்ரெய்ன் என்பது வெறும் 0.07 ஓம். ஒரு டெர்மினல் திருகின் அடியில் பச்சையாகக் களிம்பு பிடித்தால் அவ்வளவு தடை வந்துவிடும். திருகைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் எண் துள்ளும். அன்றோடு அந்த கேஜின் பழைய வரலாறும் போயிற்று. சால்டர் செய்து ஜெல் நிரப்பிய இணைப்பே இந்த வேலைக்குப் பொருத்தம். கேபிளையும் கவனிக்க வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 50 மீட்டர் தூரம், இரண்டு கம்பி இணைப்பு என்றால் போகவர சுமார் 3.4 ஓம். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். வெயிலில் கிடக்கும் கேபிள் 10 டிகிரி சூடானாலே 190 மைக்ரோஸ்ட்ரெய்ன் பொய்யாகச் சேரும். மூன்று கம்பி இணைப்பு போட்டால் இதில் பெரும்பங்கு தானாகக் கழிந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனாலும் கேபிள் செலவை மிச்சப்படுத்த இரண்டு கம்பியில் முடித்துவிடுவது நடக்கிறது.

பசை விஷயத்தில் களம் வேறு, பரிசோதனைக்கூடம் வேறு. நிமிடத்தில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் மண்ணுக்கடியில் வருடக்கணக்கில் நிற்காது, ஈரம் அதைத் தின்றுவிடும். சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் எப்பாக்ஸி நன்றாக நிற்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் நீங்கள் கொடுக்கும் சூட்டை உள்ளே ஓடும் திரவமோ வாயுவோ வாரிக்கொண்டு போய்விடும். போர்வை ஹீட்டரின் வெளிப்பக்கம் காட்டும் வெப்பநிலை எஃகுச் சுவரின் வெப்பநிலை ஆகாது. சுவரிலேயே ஒரு தெர்மோகப்பிள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பாதி வெந்த பசை நாளாக ஆக மெதுவாக வழுகும். குழாய் நீண்டபடியே இருக்க, கேஜ் மட்டும் சிறிது சிறிதாகப் பழைய நீளத்துக்குத் திரும்பும். உள்ளே போகும் வாயு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. துடைக்கத் துடைக்கச் சுவர் வியர்க்கும். மேலே கூடாரம் போட்டு உலர்ந்த காற்றைச் செலுத்தாமல் அங்கே எந்தப் பசையையும் திறக்கக் கூடாது.

இதற்கெல்லாம் மாற்றாக, மெல்லிய துருப்பிடிக்காத தகட்டில் தொழிற்சாலையிலேயே ஒட்டி மூடிய கேஜைப் புள்ளிப் பற்றவைப்பால் பொருத்தும் முறை இருக்கிறது. என் மதிப்பீட்டில் பதித்த குழாய்க்கு அதுவே மேல். ஆனால் அதே ரக எஃகுத் துண்டில் முதலில் பற்றவைத்து, உரித்துப் பார்த்து, ஆற்றல் அளவை முடிவு செய்த பிறகே குழாயைத் தொட வேண்டும். அனுமதிக்கப்பட்ட வெல்டிங் நடைமுறை இல்லாமல் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் எந்தப் புள்ளியும் வைக்கக் கூடாது.

கேஜ் வைக்கக் குழாயின் பாதுகாப்புப் பூச்சில் வெட்டிய ஜன்னலைத் திரும்ப மூடுவதில் காட்டும் அவசரம்தான் பிற்காலத்தில் அரிப்பாக வந்து நிற்கிறது. பூச்சில் ஓட்டை தேடும் ஹாலிடே கருவி ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இயங்குவது. அதைக் கேஜின் மேலும் கேபிளின் மேலும் ஓட்டினால் கேஜ் போயிற்று. சுற்றுவட்டத்தை மட்டும் சோதிக்க வேண்டும். கேபிளின் கவசப் பின்னலைக் குழாயோடும், அளவுகளைப் பதிவு செய்யும் லாகர் பெட்டியின் செப்பு எர்த்தோடும் சேர்த்துக் கட்டிவிட்டால், குழாயைத் துருவிலிருந்து காக்கும் கத்தோடிக் மின்னோட்டம் அந்த வழியாகத் திசைமாறும். பின்னல் லாகர் முனையில் மட்டும் எர்த் ஆக வேண்டும், குழாயைத் தொடவே கூடாது.

வெப்பநிலைத் திருத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தேர்ந்த பொறியாளர்களும் இதில் சறுக்குகிறார்கள். நீளமாகப் புதைந்த குழாய் சூடானால் நீள முடியாது, மண் பிடித்துக்கொள்கிறது. நீளம் மாறாததால் உண்மையான திரிபு பூஜ்யம். ஆனால் நீள விடாமல் தடுத்ததால் உள்ளே அமுக்கத் தகைவு ஒரு டிகிரிக்கு சுமார் 2.4 மெகாபாஸ்கல் ஏறும். 20 டிகிரிக்கு 48 மெகாபாஸ்கல். எஃகுக்கு ஏற்ற சுயவெப்பத் திருத்தம் கொண்ட (எஃகு தடையின்றி விரிவதைத் தானே கழித்துக்கொள்ளும்) ஃபாயில் கேஜ் இந்த நிலையில் சுமார் மைனஸ் 240 காட்டும். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண்ணைக் கொண்டு திரிபை அளக்கும் அதிரும் கம்பிக் கேஜும் திருத்தாத அளவில் ஏறக்குறைய அதையே காட்டும், காரணம் அதன் கம்பியும் எஃகுதான். இந்த எண் தகைவுக்கு உரியது. தெர்மிஸ்டர் காட்டும் வெப்பநிலையை எடுத்துக் கம்பியின் விரிவைக் கூட்டினால் பூஜ்யம் வரும். அது நீளத்துக்கு உரியது. இரண்டும் சரியே, கேள்விதான் வேறு. ஒரு அலுவலகத்தில் ஒன்றையும் அடுத்த அலுவலகத்தில் மற்றொன்றையும் 'திரிபு' என்ற ஒரே தலைப்பில் பதிவு செய்வதும், ஏற்கெனவே திருத்திய எண்ணை மென்பொருள் மறுபடியும் திருத்துவதும் நடக்கின்றன. விளைவு, ஒரு டிகிரிக்கு 12 மைக்ரோஸ்ட்ரெய்ன் வீதம் வருடாவருடம் ஏறி இறங்கும் ஒரு பொய் அலை. மெல்ல நகரும் சரிவு அந்த அலைக்குள் ஒளிந்துகொள்ளும்.

அதிரும் கம்பிக் கேஜ் நீண்ட ஆயுளுக்குப் பேர்போனது. அது அனுப்புவது அதிர்வெண் என்பதால் கேபிளின் தடையும் டெர்மினல் களிம்பும் அளவைப் பாதிப்பதில்லை. அதன் பலவீனம் எல்லையில் இருக்கிறது. வழக்கமான வகையில் மொத்த வீச்சு சுமார் 3,000 மைக்ரோஸ்ட்ரெய்ன். நடுவில் வைத்துப் பொருத்தினால் இழுவைப் பக்கம் 1,500 தான் மிச்சம், அதாவது எஃகு மீளாமல் நீளும் முன்பே கேஜ் தன் எல்லையைத் தொட்டுவிடும். சரிவின் உச்சியில் குழாய் இழுபடும், அடிவாரத்தில் அமுங்கும். ஆகவே உச்சியில் வைக்கும் கேஜுகளின் தொடக்கப் புள்ளியை வீச்சின் கீழ்ப்பக்கமும், அடிவாரத்தில் மேல்பக்கமும் வைக்க வேண்டும். பொருத்துகிறவருக்கு ஐந்து நிமிட வேலை இது. யாரும் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டுப் போவார். முனையில் கம்பியைப் பிடித்திருக்கும் கவ்வி வழுகினால் அதிர்வெண் இறங்கும், அதுவும் அமுக்கம் போலவே தோன்றும்.

ஒளியிழை வகைகளுக்கு மின்னலும் களிம்பும் பொருட்டில்லை. பிராக் கிரேட்டிங்கில் (இழைக்குள் பொறித்த, குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் கோடுகளில்) 1,550 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு சுமார் 1.2 பிகோமீட்டர் நகரும். ஒரு டிகிரிக்கு சுமார் 10 பிகோமீட்டர். அதாவது வெப்பநிலையில் ஒரு டிகிரி தவறினால் 8 மைக்ரோஸ்ட்ரெய்ன் தவறு. ஒட்டாத கிரேட்டிங் ஒன்றைத் தளர்வான குழலில் பக்கத்திலேயே வைக்காமல் இதைப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை. பசை வழுகும் தொல்லை இங்கும் அப்படியே உண்டு, கண்ணாடி இழைக்கு வயதாகாது என்பதால் பசைக்கும் வயதாகாது என்று ஆகிவிடாது.

இழை நெடுகச் சிதறும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு கிலோமீட்டர் கணக்கில் அளக்கும் பிரில்லுவன் முறையில் இந்த விகிதம் இன்னும் மோசம்: ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ், ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு 0.05. ஒரு டிகிரிப் பிழை 20 மைக்ரோஸ்ட்ரெய்னாகும். ஒரு மீட்டர் நீளத்தின் சராசரியைத்தான் அது தருகிறது என்பதால் ஒரு சாண் அகலத்தில் விழும் சுருக்கம் அதில் கரைந்துபோகும். கேபிள் குழாயில் ஒட்டியிருக்கிறதா, பள்ளத்து மண்ணில் கிடக்கிறதா என்பதை அறிக்கையில் கட்டாயம் எழுத வேண்டும். மண்ணில் கிடக்கும் கேபிள் சொல்வது மண்ணின் திரிபை. இரு முனையும் சேர்ந்த சுற்றாக அளக்கும் கருவி, மண்வெட்டும் இயந்திரம் ஒரே இடத்தில் அறுத்தாலும் மொத்தமாகக் குருடாகிவிடும். ஒரு முனையிலிருந்து அளக்கும் வகைக்கு மாற்றிக்கொள்ள வசதி இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் அறுந்த இடம்வரை பார்க்கலாம்.

சரி, புதைத்த கேஜைத் தோண்டாமல் சோதிப்பது எப்படி? ஷண்ட் சோதனை செய்தோமே என்பார்கள். 350 ஓம் கேஜின் குறுக்கே 1,74,650 ஓம் தடையை இணைத்தால் 1,000 மைக்ரோஸ்ட்ரெய்ன் தெரிய வேண்டும். தெரிந்தால் கருவியும் கேபிளும் சரி. ஆனால் கேஜ் குழாயை விட்டுப் பிரிந்து தொங்கினாலும் இந்தச் சோதனையில் அது முழு மதிப்பெண் வாங்கும். பசையைப் பற்றி ஷண்ட் எதுவும் சொல்லாது.

பசையைச் சோதிக்கக் குழாயின் அழுத்தமே போதும். நீளவாக்குக் கேஜுகளோடு, அதே பசை, அதே நாள், அதே ஆள் என்று ஒரு கேஜைச் சுற்றுவாக்கில் கூடுதலாக ஒட்டிவைக்க வேண்டும். 610 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் கனமுள்ள குழாயில் அழுத்தம் 10 பார் மாறினால் சுற்றுத் தகைவு 30.5 மெகாபாஸ்கல் மாறும். நீளவாக்கில் மண் பிடித்திருப்பதால் சுற்றுத் திரிபு ஏறக்குறைய 134 மைக்ரோஸ்ட்ரெய்ன். பராமரிப்புக்காக அழுத்தம் குறைக்கும் ஒவ்வொரு முறையும், வெப்பநிலை அடங்கியபின், இந்த எண் வருகிறதா என்று பார்த்தால் போதும். முதல் வருடம் 133, ஐந்தாம் வருடம் 131, ஒன்பதாம் வருடம் 96 என்று வந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்து நீளவாக்குக் கேஜுகளையும் சந்தேகிக்க வேண்டும். 134-ஐத் தொட்டுவிட்டு, அழுத்தம் மாறாமலே சில நாட்களில் கீழே வழிந்தால் அதுவும் அதே நோய்தான். ஒரு கேஜ் செலவில் குழாய் வாழும் காலம் முழுக்க அளவுகோல் கிடைக்கிறது.

கூடவே, குழாயோடு ஒட்டாத ஒரு சிறு எஃகுத் துண்டில் அதே வகைக் கேஜை ஒட்டி, அதே பள்ளத்தில், அதே கேபிளோடு புதைக்க வேண்டும். அதன்மேல் எந்தச் சுமையும் இல்லை. அது நகர்ந்தால் அது ஈரமும் வயதும் மட்டுமே.

ஒரு குறுக்குவெட்டுக்கு மூன்று கேஜ் 120 டிகிரி இடைவெளியில் போதும் என்பது கணக்குக்குச் சரி: நீட்சி ஒன்று, வளைவு இரண்டு, மூன்று தெரியாத எண்களுக்கு மூன்று அளவு. மிச்சம் ஒன்றும் இல்லாததால் எது பொய் என்று கண்டுபிடிக்க வழியும் இல்லை. 12, 3, 6, 9 மணி நிலைகளில் நான்கு வைத்தால், மேல் கீழ்க் கூட்டுத்தொகையும் இடம் வலக் கூட்டுத்தொகையும் எப்போதும் சமமாக இருந்தாக வேண்டும். ஒரு நாள் 40, அடுத்த மாதம் 90 என்று வித்தியாசம் விரிந்தால் நால்வரில் ஒருவர் பொய் சொல்கிறார். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு வேலை ஓடும். வளைவு, சுற்றுப் பற்றவைப்பு, நெளிவு இவற்றின் அருகே வைத்தால் மட்டும் இந்தச் சமன்பாடு பொருந்தாது. ஒரு விட்டத்துக்குக் குறையாமல் தள்ளியிருப்பது நல்லது.

மணி நிலை என்றதும் ஒன்று: ஓட்டத் திசையைப் பார்த்து நின்று 3 மணியா, எதிர்த்திசை பார்த்து நின்றா என்று எழுதிவைக்காவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். மண் மேட்டுப் பக்கமிருந்து தள்ளுகையில் அறிக்கை பள்ளத்துப் பக்கமிருந்து தள்ளுவதாகச் சொல்லும். மூடும் முன் ஒவ்வொரு கேஜையும், அருகில் திசைக்குறியோடு ஒரு அட்டையும் தெரியும்படி படம் எடுத்து வைத்தால் தீர்ந்தது.

பூஜ்யம் (தொடக்க அளவு) பற்றியும் தெளிவு வேண்டும். கேஜ் காட்டுவது ஒட்டிய நாளுக்குப் பிந்தைய மாற்றத்தை மட்டும். சரிவு அதற்கு முன்பே குழாயை 900 மைக்ரோஸ்ட்ரெய்ன் இழுத்துவைத்திருந்தால், கேஜுக்கு அது தெரியாது. குழாய்க்குள் ஓடும் ஆய்வுக் கருவியின் சடத்துவ அளவீடு (கருவி திரும்பும் கோணங்களின் பதிவு) வளைவைப் பிடிக்கும், நேர் இழுவையைப் பிடிக்காது. 2020 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷா ஊர் அருகே 24 அங்குல கார்பன் டை ஆக்சைடு குழாய் உடைந்தது. கனமழையில் நகர்ந்த மண் குழாய்க்கு அதிகமான நீளவாக்குச் சுமை கொடுத்து, சுற்றுப் பற்றவைப்பு விட்டுப்போனது என்பதே விசாரணையின் முடிவு. அந்த நீளவாக்குச் சுமையில் நேர் இழுவைப் பங்கைச் சொல்லக் கேஜ்தான் வேண்டும், வளைவை ஒப்பிட உள்ளாய்வு வேண்டும். இரண்டு ஆய்வு ஓட்டங்களுக்கு இடையே வளைவு மாறிய அளவும் கேஜ்கள் சொல்லும் வளைவு மாற்றமும் ஒத்துப்போனால், கேஜ் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது இன்னொரு சாட்சி.

ஆகவே இனி எழுதும் ஒப்பந்தங்களில் இவற்றைச் சேர்க்கலாம்: ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் நீளவாக்கில் நான்கு, சுற்றுவாக்கில் ஒன்று, சுமையற்ற துண்டில் ஒன்று; ஒட்டிய நாளின் இன்சுலேஷன், குழாய்ச் சுவர் வெப்பநிலை, அழுத்தம், கேஜ் காரணி, கேபிள் நீளம் ஆகியவை கையெழுத்தோடு; ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்சுலேஷன் அளவும் எதிர்ப்புறக் கூட்டுத்தொகை வித்தியாசமும்; அழுத்தம் குறையும் ஒவ்வொரு முறையும் சுற்றுவாக்குக் கேஜின் பதில். குழாய்ப்பாதை ஓரம் வசிப்பவர்கள் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் 'எத்தனை சென்சார் வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்பதைக் காட்டிலும், 'கடைசியாக அழுத்தம் குறைத்தபோது சுற்றுவாக்குக் கேஜ் எவ்வளவு காட்டியது, முதல் முறை எவ்வளவு காட்டியது' என்று கேட்கலாம். இரண்டு எண்களும் கையில் இருக்கிறவர் உடனே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
கருவியியல் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்